கான்வெண்டில் இரண்டாம் படிநிலை

மலேசியாவின் பினாங்குத் தீவில் கத்தோலிக்கச் சபை தொடங்கிய பெண்கள் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். இரண்டாம் படிநிலை எனப்படும் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகள் என் பொறுப்பு. அதோடு தமிழ் பாடமும் உண்டு. நான் படித்தது தமிழ்ப்பள்ளியில், கும்பிடுவது தண்ணீர்மலை முருகனை. கான்வெண்டுக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று சொன்னதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அங்க ஜெபம் சொல்லச் சொல்வாங்களா?" என்பதுதான்.

வெளியே பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. மிஷன் பள்ளிகளின் நிலமும் கட்டடமும் சபையுடையவை. ஆசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் கல்வி அமைச்சு. குழந்தை இயேசு சபைக் கன்னியரும் லசால் சகோதரர்களும் 1852-இல் பினாங்குக்கு வந்தபோது பள்ளி நடந்தது ஆங்கிலத்தில். 1970-இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. இன்று எங்கள் பாடத்திட்டம் மலாய்வழி அரசுப் பள்ளியான எந்தத் தேசியப் பள்ளியிலும் உள்ளதேதான். முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்கு எழுந்து போகும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்கு உட்காருவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளின் மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில். பள்ளியில் மிச்சமிருப்பது நுழைவாயிலில் மாதா சொரூபமும், சில பழக்கங்களும். அந்தப் பழக்கங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் சொல்லும் ஆண்டு 2023. கோவிட்டுக்குப் பிறகு பள்ளி மார்ச்சில் திறந்துகொண்டிருந்த காலம் அது. 20-ஆம் தேதி திறந்தோம். அதே வாரத்தில் நோன்பு மாதம் பிறந்தது. கத்தோலிக்கருக்கும் அப்போது தவக்காலம், ஏப்ரல் 9 ஈஸ்டர். என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒருத்தி முழு நோன்பு, பக்கத்தில் ஒருத்தி சாக்லேட்டை விட்டவள், பின்னால் ஒருத்தி சனிக்கிழமை சைவம். எது கஷ்டம் என்று ஓய்வு நேரத்தில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. "நான் தண்ணிகூட குடிக்கலையே" என்ற வாதத்துக்கு முன்னால் சாக்லேட் எடுபடவில்லை. பெரிய வெள்ளிக்கு சபா, சரவாக்கில் பொது விடுமுறை, பினாங்கில் கிடையாது. கத்தோலிக்கப் பள்ளியாயிற்றே, அன்று மூடிவிடுவீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, அன்றும் பாடம் நடந்தது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். 1988 முதல் ஆறாம் ஆண்டு என்றால் யுபிஎஸ்ஆர் என்ற அரசுப் பொதுத்தேர்வுதான். 2020-இல் கோவிட்டால் அது நடக்கவில்லை. 2021-இல் அமைச்சு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது வகுப்பறை மதிப்பீடு. ஆண்டு முழுக்க ஆசிரியரே கவனித்து 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை போட வேண்டும், 3 வந்தால் குறைந்தபட்சம் தேறியதாகக் கணக்கு. 2023-இல் நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதியில் பள்ளியளவில் ஒரு தேர்வும் இருந்தது. அதன் மலாய்ப் பெயரை 'உவாசா' என்று சுருக்கிச் சொல்வோம். யுபிஎஸ்ஆர் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளை விடுமுறையிலும் மாதிரித் தாள் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பரீட்சை முரட்டுத்தனமாக ஒரு வேலையைச் செய்தது: யாருக்கு வாசிக்க வரவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். அது போன பிறகு அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எங்கள் கண்ணை நம்பி இருந்தது.

அந்த நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2020 ஜனவரியில். மார்ச் 18-இல் நாடே அடைபட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் அவர்களுக்குக் கிடைத்தது அப்பாவின் கைப்பேசி. அப்பா வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. 2021-இலும் பெரும்பகுதி அப்படியே போனது. பிறகு பள்ளி திறந்து, வகுப்பு ஏறி, என் முன்னால் வந்து உட்காரும்போது அவர்கள் நூறாயிரம் வரையிலான எண்களில் நான்கு செய்கைகளும் செய்ய வேண்டியவர்கள்.

அதில் ஒரு பிள்ளை. நான் வகுப்புக்குள் நுழையுமுன்னே வெண்பலகை துடைத்திருக்கும். பயிற்சிப் புத்தகங்களை அள்ளி ஆசிரியர் அறைவரை கொண்டுவந்து வைப்பாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் நோயறைக்குக் கூட்டிப்போவது அவள்தான். எங்கள் பள்ளியில் இதற்கெல்லாம் மதிப்பு அதிகம். கன்னியர் காலத்துப் பழக்கம்: பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கேட்காமலே உதவ வேண்டும், செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பழக்கமும் அதுதான். முந்தைய ஆசிரியர்களும் அவளை 'நல்ல பிள்ளை' என்றே எழுதியிருந்தார்கள்.

முதல் மாதப் புத்தகத்தை வரிசையாகப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. வெற்றுக் கணக்குகள் அத்தனையும் சரி. 46,875-ஐ 25-ஆல் வகுத்து 1,875 என்று அழகாக எழுதியிருந்தாள். அதே பக்கத்தின் கீழே அதே எண்களில் ஒரு பிரச்சனைக் கணக்கு: தொழிற்சாலையில் 48,250 விளக்குகள், அதில் 1,375 பழுது, மீதியை 25 கடைகளுக்குச் சமமாகக் கொடுத்தால் ஒரு கடைக்கு எத்தனை? அது காலி. முந்தைய பக்கங்களிலும் பிரச்சனைக் கணக்கு வந்த இடமெல்லாம் காலி. அப்புறம் கவனித்தால், பிரச்சனைக் கணக்குக்கு நேரம் வரும்போதுதான் அவள் எழுந்து புத்தகம் சேகரிக்கத் தொடங்குவாள். "டீச்சர், நான் எடுத்திட்டு வரட்டுமா?" எந்த ஆசிரியருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

ஓய்வு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கணக்கை மலாயில் நானே வாசித்தேன். முடிக்கும் முன்பே, "முதல்ல கழிக்கணும், அப்புறம் வகுக்கணும்" என்றாள். புத்தகத்தைத் திருப்பி அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லைக் கூட்டினாள், இரண்டாவதில் நின்றுவிட்டாள். பிறகு, "ஜன்னலைச் சாத்தட்டுமா டீச்சர், மழை வருது" என்றாள். மழை வரவில்லை.

அதாவது கணிதம் தெரிந்த பிள்ளைக்குக் கணிதத்தில் 2 போட்டுக்கொண்டிருந்தது பள்ளி. அந்த 2 வாசிப்புக்கு உரியது. அடைவுநிலைப் பட்டியலில் இதைப் பிரித்துச் சொல்ல இடம் கிடையாது. ஓர் எண், அவ்வளவுதான். சத்தம் போடும் பிள்ளை, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை எல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். உதவி செய்துகொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட யாருக்கும் தோன்றாது. நல்ல குணத்தைப் போற்றும் பள்ளியில் ஒளிந்துகொள்ள நல்ல குணத்தைவிட வசதியான இடம் இல்லை.

மலாய்மொழி ஆசிரியையிடம் பேசினேன். அவர் தன் பங்குக்கு வாசிப்பைப் பார்த்துக்கொண்டார். நான் கணித வகுப்பில் எண்களைத் தாளால் மறைத்துவிட்டு, கணக்கை வெறும் கதையாக வாசிக்கவைத்தேன். எண் கண்ணில் பட்டால் இவர்கள் கதையை விட்டுவிட்டுக் கூட்டவோ பெருக்கவோ ஆரம்பித்துவிடுகிறார்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும்தான். சரளமாக வாசித்து, வகுத்தலில் தடுமாறும் ஒரு மலாய்ப் பிள்ளையோடு அவளை இணைத்தேன். நன்றாகப் போகும் என்று பார்த்தால் இரண்டாம் வாரமே சண்டை. "அவள் பதிலை மட்டும் கேட்கிறாள்" என்று இவள். "அவள் வாசிக்கவே மாட்டேன் என்கிறாள்" என்று அவள். இரண்டும் உண்மை. வேறு இரண்டு பேரோடு மாற்றிப் போட்டேன்.

தமிழ் வகுப்பில் கதை வேறு. தேசியப் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் சொல்லிக்கொடுக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. நம் பெற்றோர் பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. எங்களிடம் கேட்டார்கள். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நூலகத்தில் ஒன்றாக உட்காருவார்கள். பினாங்கு ரோடு புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலுக்குத் தமிழ்த் திருப்பலிக்குப் போகும் ஓர் ஐந்தாம் ஆண்டுப் பெண், ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களை ரூமி எழுத்தில், அதாவது மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்தில், ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிவைத்திருந்தாள். அதையே பாடநூல் ஆக்கிக்கொண்டோம். பாட்டு மனப்பாடம் என்பதால் எழுத்து அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இந்துப் பிள்ளைகளும் கூடவே பாடினார்கள். வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாமில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும் குடும்பங்கள்தானே பாதிப் பேர்.

ஆண்டிறுதியில் பெற்றோர் சந்திப்பு. அந்தப் பிள்ளையின் அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துச் சீருடையோடு வந்திருந்தார். தாளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், 3-ன்னா பாஸா, ஃபெயிலா?" என்றார். குறைந்தபட்சம் தேறிவிட்டாள் என்றேன். "குறைந்தபட்சம்னா டியூஷன் போடணுமா?"

கணித டியூஷன் வேண்டாம், தினமும் கொஞ்சம் மலாய் வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றேன். அவர் மகளைப் பார்த்தார். "வீட்டுல இவதான் எல்லா வேலையும் பார்க்குறா, டீச்சர். படிக்க உட்காருன்னு சொல்ல எனக்கே மனசு வரல." அங்கேயும் அதே கதைதான். பாத்திரம் கழுவுவதைத் தம்பியிடம் கொடுங்கள் என்றேன். தம்பி இரண்டாம் ஆண்டு, தட்டை உடைப்பான் என்றார். உடைத்தால் உடைக்கட்டும் என்றேன்.

அடுத்த தவணைக்கு வாரத்தில் ஒரு கணிதப் பாடவேளையை வாசிப்புக்கே ஒதுக்கக் கேட்டிருக்கிறேன். பாடத்திட்டத்தை முடித்துவிடுவீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார். முடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். புத்தகம் சேகரிக்கும் வேலையும் இனி வரிசை எண்படிதான்.