லைனில் நிற்கும் பிள்ளைகள்

வேலூர்ப் பக்கம் நடக்கிற பள்ளி ஃபுட்பால் ஆட்டங்களுக்கு லைனில் நிற்க, அதாவது பக்கக் கோட்டில் கொடியோடு நின்று ரெஃபரிக்கு உதவ, பிள்ளைகளைப் பழக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். வருகிற அத்தனை பேருக்கும் விசில் மேல்தான் ஆசை. கொடியைக் கையில் கொடுத்தால் முகம் தொங்கிப்போகும்.

சைகைகள் பெரிய விஷயம் இல்லை. பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோவுக்குத் திசை, கோல் கிக்குக்குக் கோல் ஏரியா, கார்னருக்குக் கீழே மூலையைக் காட்டுவது, ஆள் மாற்றமென்றால் இரண்டு கையாலும் கொடியைத் தலைக்கு மேலே கிடையாகப் பிடிப்பது. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். தகராறு கை மாற்றுவதில்தான். இடது கையில் கொடி இருக்கும்போது வலது பக்கம் த்ரோ என்றால், பையன் உடம்புக்குக் குறுக்கே நீட்டுவான். இல்லையென்றால் தூக்கிய பிறகு மேலே வைத்துக் கை மாற்றுவான். தூரத்திலிருந்து பார்க்கும் ரெஃபரிக்கு அது எந்தப் பக்கம் என்றே தெரியாது. இடுப்புக்குக் கீழே மாற்று, அப்புறம் தூக்கு. இது கைக்குப் பழகும்வரை வேறு எதையும் ஆரம்பிக்க மாட்டேன்.

அதைவிடக் கஷ்டம் நிற்கும் இடம். ஊர்ப்பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆட்டம், ஆடி வளர்ந்த பிள்ளைகள் பலர் ஆஃப்சைடு பார்த்தே பழகாதவர்கள். தன் அணி ஆள் பந்தை உதைக்கும் நொடியில், எதிரணியின் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி நிற்பதுதான் ஆஃப்சைடு இடம். லைனில் நிற்பவர் யாரோடு நேராக நிற்க வேண்டும் என்றால், 'கோலிக்கு (கோல்கீப்பருக்கு) முன்னால் நிற்கிற கடைசி டிஃபெண்டர்' என்று மனதில் பதித்துக்கொண்டு வருவார்கள். விதி சொல்வது கடைசிக்கு முந்தின எதிராளியை. கோலியும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். கார்னரில் பந்தைக் குத்த கோலி முன்னே வந்துவிட்டார், ஒரு டிஃபெண்டர் கோல் கோட்டில் நிற்கிறார் என்று வையுங்கள். இப்போது அந்த டிஃபெண்டர் கடைசி ஆள். அவருக்கு அடுத்து கோல் கோட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரோடுதான் நேராக நிற்க வேண்டும். பந்து அவரையும் தாண்டிப் போனால் பந்தோடு நேராக. இதைச் சுண்ணாம்புக் கோட்டில் நான்கு பேரை நிறுத்திக் காட்டினால்தான் மண்டையில் ஏறும். "அப்போ இவ்ளோ நாள் நான் தப்பான ஆளோட ஓடிட்டிருந்தேனா சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

பார்வை வேறு கதை. பந்தை உதைக்கும் காலையும், முன்னே ஓடும் ஆளையும் கண் ஒரே நேரத்தில் பிடிக்காது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குத் திரும்புவதற்குள் ஓடுகிறவர் இரண்டு எட்டு போயிருப்பார். அதனால் பந்தே இல்லாமல் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். முதுகுப் பக்கம் நின்று நான் கை தட்டுவேன். தட்டிய நொடியில் அட்டாக்கர் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டும். கண் கோட்டில், காது உதையில். இதில் பெண் பிள்ளைகள் சீக்கிரம் தேறுவதைப் பார்க்கிறேன். பையன்களுக்குக் கோல் விழுவதைப் பார்க்கும் ஆசை விடாது.

ஆனால் உண்மையாகப் பழக்க வேண்டியது கொடியைத் தூக்காமல் இருப்பதை. ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றமில்லை. ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். பந்து அந்த ஆளுக்குப் போகிறதா, பின்னாலிருந்து ஓடிவருகிற இன்னொருவனுக்கா என்று பார்க்கும்வரை கை கீழேயே இருக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் வெளியே நிற்கும் கோச் "லைனு! லைனு!" என்று கத்துவார். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கை தானாக மேலே போய்விடும். "கொடி கூட்டத்துக்கு இல்லப்பா, ரெஃபரிக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஃபௌலுக்கும் அதே கணக்குதான். ரெஃபரி பார்க்க முடியாத இடத்தில் நடந்ததா, பார்த்திருந்தால் ஊதியிருப்பாரா, இல்லை ஆட்டம் தொடர்வதே ஃபௌலுக்கு ஆளான அணிக்கு லாபம் என்று சாதகம் கொடுத்து ஆடவிட்டிருப்பாரா? இதையெல்லாம் யோசித்த பிறகுதான் கொடி.

தூக்கிவிட்டு, ரெஃபரி பார்க்கவில்லை என்று உடனே இறக்குவது இன்னொரு பழக்கம். ஆஃப்சைடு என்றால் ரெஃபரி கவனிக்கும்வரை, அல்லது பந்து தெளிவாகத் தடுக்கும் அணியின் வசமாகும்வரை பிடித்திருக்க வேண்டும். ரெஃபரி தவறவிட்டால், எதிர்ப்பக்க லைனில் இருப்பவர் இதைப் பார்த்துத் தானும் கொடி தூக்க வேண்டும். இவர்கள் மூவரும் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் நின்று பேசிக்கொள்ளாமல் இது நடக்காது. பெரியவர்களே அதைச் செய்வதில்லை என்பது என் நெடுநாள் புலம்பல்.

உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்கள் ஆட்டத்தன்று காலையில் போன் செய்து, "சார், கொடி பிடிக்க ஒரு பையன் இருந்தா அனுப்புங்க" என்பார்கள். ஒரு பையனை அனுப்புவதில்லை. அனுப்பினால் ஒன்றாகப் பழகிய ஜோடியாக அனுப்புவேன். ரெஃபரி யார் என்றும் முதலிலேயே கேட்டுவிடுவேன்.