மெஸ்கல் நெக்ரோனி: சம அளவைக் கலைத்துப் பார்த்தது

நெக்ரோனி காக்டெயிலின் கணக்கு ஒருமுறை கேட்டால் மறக்காது. ஜின், காம்பாரி என்ற சிவப்பு இத்தாலியக் கசப்பு மது, மூலிகை சேர்த்த ஒயினான இனிப்பு வெர்மூத் மூன்றிலும் 30 மில்லி. ஐஸ் போட்டுக் கலக்கி, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்துவிட்டால் முடிந்தது. 1919இல் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் காமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, காம்பாரி, வெர்மூத், சோடா சேர்ந்த தன் அமெரிக்கானோவில் சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றித் தரச் சொன்னார், அதுதான் இது என்பது கதை. ஜின் இருக்கும் இடத்தில் மெக்சிகோவின் கற்றாழை மதுவான மெஸ்கலை வைத்தால் மெஸ்கல் நெக்ரோனி. பார்களில் பெரும்பாலும் அதே சம அளவில்தான் தருகிறார்கள். வீட்டில் கலக்கிப் பார்த்தபோது எனக்கு அந்தச் சம அளவு ஒத்துவரவில்லை.

காரணம் மெஸ்கலின் புகை. மெக்சிகோவில், முக்கியமாக ஒஹாகா மாநிலத்தில், அகேவ் என்ற கற்றாழையின் இலைகளைச் சீவி எறிந்துவிட்டு நடுவில் இருக்கும் கனத்த பாகத்தை எடுக்கிறார்கள். தரையில் வெட்டிய குழியில் விறகு எரித்துக் கற்களைச் சூடாக்கி, அதன்மேல் இதை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடிப் பல நாள் வேகவிடுகிறார்கள். புகை ஏறுவது அந்தக் குழியில்தான். மெக்சிகோவின் இன்னொரு மதுவான டெக்கீலா நீலக் கற்றாழையில் மட்டும் செய்வது. அதைப் பெரும்பாலும் நீராவியில் வேகவைப்பதால் இந்த வாசனை இருக்காது. (நம் ஊர் வேலியோரத்து ஆனைக் கற்றாழையும் இதே அகேவ் குடும்பம்தான். சோற்றுக் கற்றாழை வேறு.) என்னிடம் இருப்பது எஸ்படீன் ரகத்தில் செய்த 45 சதவீத மெஸ்கல். அந்தச் செடி முற்றவே ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். காட்டில் வளரும் தொபலா ரகம் இன்னும் மெதுவாக முற்றும், விலையும் அதற்கேற்ப ஏறும். அதைக் காம்பாரியோடு கலப்பது வீண். தனியாகக் குடிக்க வேண்டியது அது.

ஜின்னோடு கலக்கும்போது காம்பாரியின் கசப்புக்கு நாக்கில் தனி இடம் கிடைக்கிறது. ஜின்னின் வாசனை முதலிலேயே வந்து போய்விடுகிறது, கசப்பு பின்னால் வருகிறது. மெஸ்கலின் புகை அப்படிப் போவதில்லை. விழுங்கிய பிறகுதான் அது தொண்டையில் நிற்கிறது, கசப்பும் அங்கேயேதான் நிற்கிறது. பாதி கிளாஸ் போவதற்குள் வெர்மூத் காணாமல் போய், வாயில் கரியும் கசப்பும் மட்டும் மிஞ்சின.

சரி, கசப்பைக் குறைக்கலாம் என்று காம்பாரிக்குப் பதில் இன்னொரு இத்தாலிய மதுவான அப்பெரோல் ஊற்றினேன். அப்பெரோல் வெறும் 11 சதவீதம், இனிப்பும் கூடுதல். குடிக்க எளிதாக இருந்தது, ஆனால் சாப்பாட்டுக்கு முன் பசியைக் கிளப்ப வேண்டிய பானத்துக்கு இவ்வளவு இனிப்பு ஆகாது. அப்பெரோலும் மெஸ்கலும் சேர வேண்டுமென்றால் எலுமிச்சை வேண்டும். நியூயார்க்கில் ஹோவாக்கின் சிமோ உருவாக்கிய ‘நேக்கட் அண்ட் ஃபேமஸ்’ அதைத்தான் செய்கிறது: மெஸ்கல், அப்பெரோல், மஞ்சள் ஷார்த்ரூஸ் என்ற பிரெஞ்சு மூலிகை மது, எலுமிச்சைச் சாறு, எல்லாம் சமம். அருமையான காக்டெயில், ஆனால் அது புளிப்புப் பானம். எனக்கு வேண்டியது கசப்பும் இனிப்பும்.

அதனால் காம்பாரிக்கே திரும்பி, அதை மட்டும் 20 மில்லியாகக் குறைத்தேன். மெஸ்கல் 30, வெர்மூத் 30. இங்கேதான் பானம் ஒழுங்குக்கு வந்தது. முதலில் இனிப்பு, நடுவில் மூலிகைக் கசப்பு, கடைசியில் புகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இந்த அளவில் வெர்மூத்தின் தரம் பளிச்சென்று தெரியும். வனிலா வாசனை தூக்கலாக இருக்கும் கார்பானோ ஆன்டிகா என்ற வெர்மூத் மெஸ்கலோடு நன்றாகச் சேர்கிறது. ‘பூந்த் எ மெஸ்’ என்ற வெர்மூத் தன்னளவிலேயே கசப்பு. அதை எடுத்தால் காம்பாரியை இன்னும் குறைக்க வேண்டும். வெர்மூத் என்பது ஒயின்தான். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற வெர்மூத் எந்த அளவையும் கெடுத்துவிடும்.

அப்புறம் உப்பு. 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டுப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். கிளாஸுக்கு இரண்டு சொட்டு. உப்பு கரிக்காது, கசப்பின் முனை மட்டும் மழுங்கும். பாகற்காயை நறுக்கி உப்புப் பிசிறி வைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தோலில் ஆரஞ்சைவிட கிரேப்ஃப்ரூட்டை விரும்புகிறேன். அதன் எண்ணெய் புகையை மறைக்காமல் கொஞ்சம் விலக்கிவிடுகிறது. தோலின் வெள்ளைப் பகுதி மட்டும் கூடாது.

காம்பாரியின் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும். 2006 வரை அந்தச் சிவப்பு கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சி அது. ஸ்பானியர் ஆட்சியில் அந்தச் சாயத்தின் தலைநகரமாக இருந்தது இதே ஒஹாகாதான். அந்தச் சாயத்தின்மேல் ஆசைப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். தொழில் எடுபடவில்லை. ஆக, இத்தாலியப் பாட்டிலும் மெக்சிகோ பாட்டிலும் என் கிளாஸில் சந்திப்பது முதல்முறை இல்லை. இப்போது காம்பாரியில் இருப்பது பெரும்பாலான நாடுகளில் செயற்கை நிறம்.

கலக்குவதைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். குலுக்கக் கூடாது, நீண்ட ஸ்பூனால் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். அந்த நேரத்தில் 80 மில்லி பானத்தில் ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் இறங்கும். 29 சதவீதமாக இருந்தது 23க்கு வரும். புகை அடங்கிப் பழ வாசனை மேலே வருவது இந்தத் தண்ணீரால்தான்.

விருந்தாளிகள் வரும் நாளில் ஒவ்வொரு கிளாஸாகச் சுழற்றிக்கொண்டு நிற்க முடியாது. அதற்கு முன்கூட்டியே 225 மில்லி மெஸ்கல், 150 காம்பாரி, 225 வெர்மூத், 150 குடிதண்ணீர் சேர்த்தால் ஒரு 750 மில்லி பாட்டில் சரியாக நிரம்பும். உப்புத் தண்ணீர் 15 சொட்டு. ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். ஃப்ரீசரில் வைத்தால் கூழாகிவிட வாய்ப்பு உண்டு. ஆளுக்கு 75 மில்லி, பெரிய ஐஸ் கட்டி ஒன்று. உப்புப் போட்ட வறுத்த வேர்க்கடலை கூட இருக்கட்டும், ஆலிவைவிட அதுதான் பொருத்தம்.

அடுத்து சினார். கூனைப்பூவும் மூலிகைகளும் சேர்த்த இத்தாலியக் கசப்பு மது, 16.5 சதவீதம்தான். காம்பாரி இருந்த இடத்தில் சினாரை 30 மில்லி ஊற்றினேன். நிறம் பழுப்பாகிவிட்டது, பார்க்க அழகில்லை. சுவையில் மண்வாசம் கூடி மெஸ்கலோடு இன்னும் நெருங்குகிறது. ஆனால் இனிப்பும் கூடுவதால் வெர்மூத்தை 20க்கு இறக்கி, கிரேப்ஃப்ரூட்டுக்குப் பதில் எலுமிச்சைத் தோலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.