கிழிந்த பாதிக் கோலம்

கல்யாணமாகி சென்னைக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த வாசல் மூன்றாவது மாடியில், இரண்டு டைல்ஸ் அகலம். மன்னார்குடியில் தெருவை அடைத்துக் கோலம் போட்ட கைக்கு அது எப்படிப் போதும்? வழவழத் தரையில் மாவும் நிற்காது. எட்டு மணிக்கெல்லாம் பெருக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மார்கழியில், அழிவதற்குள் ஒரு படமாவது இருக்கட்டும் என்று செல்போனில் எடுத்து, ஃபேஸ்புக்கில் ஒரு கோலக் குழுவில் போட்டேன். "7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி." அவ்வளவுதான் எழுதினேன்.

மத்தியானம் பார்த்தால், மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு அக்கா அதே கோலத்தைத் தன் வீட்டு வாசலில் போட்டுப் படம் அனுப்பியிருந்தார். நான் மொட்டையாக விட்ட மூலையில் ஒரு சுழி சேர்த்திருந்தார். அடடா, அதுதான் அழகு! மறுநாள் நானும் சுழியோடு போட்டேன்.

குழுவில் தூத்துக்குடிப் பக்கத்து டீச்சரம்மா ஒருவர் உண்டு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசைக்கு ஐந்து புள்ளியாக நாலு வரிசை வைத்து, புள்ளிகளைச் சுற்றி இழையை வளைத்துப் போடும் ஐந்துக்கு நாலு சிக்குக் கோலம் கையெடுக்காமல் முடிகிறதே, நாலுக்கு நாலு ஏன் முடிவதில்லை என்று கேட்டேன். "மீ.பொ.வ பாரும்மா" என்றார். புள்ளிகளைக் கட்டமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழை வெட்டிப்போனால், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை இழை. 5க்கும் 4க்கும் 1. 4க்கும் 4க்கும் 4. 6க்கு 4 என்றால் 2. பால் கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலம் உருவாகும் விதிகளைக் கணினி இலக்கணமாக்கி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பதும் டீச்சரம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் ஒரு சூட்சுமமும் சொன்னார். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டும் இடத்தில் அவற்றை வெட்டவிடாமல் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதுவரை அம்மா போட்டதையே போட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றிலிருந்து எங்கே திருப்பலாம் என்று யோசித்து, சொந்தமாகப் போட ஆரம்பித்தேன்.

போன தை மாதம், கோலமே போடத் தெரியாத ஒரு தம்பி குழுவில் சேர்ந்தார். இறந்துபோன அவர் அம்மாவின் கோல நோட்டிலிருந்து தினம் ஒரு பக்கம் போடுவார். ஒருநாள் வந்த பக்கத்தில் வலது பாதி கிழிந்திருந்தது. இடது ஓரத்தில் பென்சிலில் "9க்கு 6, ஒரே இழை" என்று அந்த அம்மாவின் எழுத்து. "இதை முழுசாகப் பார்க்க முடியுமா அக்கா?" என்று கேட்டிருந்தார்.

இருக்கிற பாதியை அப்படியே வைத்து, மீதியை ஆளுக்கு ஒரு விதமாக வரைந்து அனுப்பினோம். எதிலுமே இரண்டு இழை. 9க்கும் 6க்கும் மீ.பொ.வ 3 ஆயிற்றே, ஒன்றாக்க இரண்டு திருப்பமாவது வேண்டும். இருக்கிற பாதியைப் பெரிதாக்கி ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தேன். கீழ் வரிசையில் முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மட்டும் இழைகள் வெட்டாமல் விலகிப் போயிருந்தன. அந்த ஒரு இடம்தான். மூன்று இழை இரண்டானது அதனால்தான். சரி, இதற்கு ஜோடி எதிர்ப்பக்கத்தில் இருக்கும் என்று தோன்றியது. கடைசி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அதேபோல் திருப்பி, விரலை வைத்து ஓட்டினேன். ஐம்பத்துநாலு புள்ளியையும் வளைத்துக்கொண்டு, விரல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாவின் முகம்கூட எனக்குத் தெரியாது.

படத்தை அனுப்பினேன். "இதுதான்" என்று டீச்சரம்மா முதலில் எழுதினார். தம்பியிடமிருந்து ராத்திரி வரை பதில் இல்லை. மறுநாள் காலையில் ஒரு படம் வந்தது. சாணி தெளித்த வாசல், தடித்தும் மெலிந்தும் கோணலாக ஓடும் இழை, ஓரத்தில் மாவு அப்பிய ஆண் கை. கீழே, "மூணு மணி நேரம் ஆச்சு அக்கா. நாளைக்கு அடுத்த பக்கம் போடறேன். அது நடுவில் கிழிஞ்சிருக்கு."

நான் பால் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.