இரவல் வாங்கிய ஆயிரம் பங்குகள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அதனால்தான் அந்த அமெரிக்கக் கம்பெனியின் அறிக்கையைப் படித்ததும் உறுத்தியது. செயற்கை நுண்ணறிவுக்கான சிப் செய்கிறோம் என்ற அறிவிப்பில் அதன் பங்கு ஒரே மாதத்தில் 90 சென்ட்டிலிருந்து 2.40 டாலருக்கு ஏறியிருந்தது. காலாண்டுக் கணக்கிலோ சோதனைக்கும் பேக்கேஜிங்குக்கும் செலவு என்று எதுவுமே இல்லை. தொடர்ந்து இயங்க முடியுமா என்பதே சந்தேகம் என்று அவர்களே குறிப்பில் எழுதியிருந்தார்கள். இது விழும் என்று நம்பினேன். ஷார்ட் செய்ய, அதாவது இரவல் வாங்கிய பங்கை விற்க, முடிவெடுத்தேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மாமா பல வருடம் ரெமிசியராக, அதாவது கமிஷனுக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் முகவராக, இருந்தவர். அவரிடம் சொன்னேன். நம் மலேசியாவில் 1997 ஆகஸ்டில் ஷார்ட் செலிங்கை நிறுத்தியதையும், 2007இல் கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்ததையும், அன்றே வாங்கி முடிக்கும் வகை 2018இல் வந்ததையும் சொன்னார். இங்கே அனுமதிப் பட்டியலில் இருக்கும் கவுண்டர்களை, அதாவது கம்பெனிப் பங்குகளை, மட்டுமே ஷார்ட் செய்யலாம். சின்னக் கவுண்டர்கள் பெரும்பாலும் அதில் இருக்காது. அமெரிக்காவில் அப்படி ஒரு பட்டியல் இல்லை என்றேன். “சரி தம்பி, பங்க யாருகிட்ட இரவல் வாங்குற? அவங்க திருப்பிக் கேட்டா என்ன செய்வ?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விலை இறங்கும் என்று நினைக்கும் பங்கை இரவல் வாங்கி விற்கிறோம். பிறகு சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோம். விலை குறைந்திருந்தால் வித்தியாசம் நமக்கு. எல்லோரும் சொல்வது இவ்வளவுதான். இரவலுக்கு வாடகை உண்டு என்பதும், அது நாளுக்கு நாள் மாறும் என்பதும் திரையைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆண்டுக்கு 60 சதவீதம் என்று காட்டியது. ஆயிரம் பங்கு, 2,400 டாலர், நாளொன்றுக்கு 4 டாலர். சனி, ஞாயிறுக்கும் சேர்த்துத்தான்.

கணக்கில் 4,500 டாலர் போட்டிருந்தேன். அமெரிக்காவில் 5 டாலருக்குக் குறைந்த பங்கை ஷார்ட் செய்தால், ஒரு பங்குக்கு 2.50 டாலர் அல்லது பங்கின் முழு விலை, இதில் எது அதிகமோ அது கணக்கில் இருக்க வேண்டும். ஒரு டாலர் பங்காக இருந்தாலும் 2.50 வேண்டும். மலிவான பங்குக்குக் கொஞ்சம் பணம் போதும் என்ற என் எண்ணம் அங்கேயே அடிபட்டது.

ஜூலை மாதம். நம் நேரப்படி இரவு 9.30க்குச் சந்தை திறக்கும், விடியற்காலை 4 மணிக்கு மூடும். முதல் நாள் நான் போட்ட ஆர்டர் நிறைவேறவே இல்லை. அதற்கு முந்தைய நாள் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அப்படி இறங்கினால் அந்த நாள் மிச்ச நேரமும் மறுநாளும், வாங்க வந்தவர்கள் தர முன்வரும் உச்ச விலைக்கு மேல்தான் ஷார்ட் விற்கலாம் என்பது விதி. அடுத்த இரவு 2.40க்கு விற்றேன்.

ஆறாவது இரவு கம்பெனி ஏதோ ஒப்பந்தம் என்று ஒரு அறிவிப்பு விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் 3.60. இதைத்தான் நான் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருந்தேன்: வாங்கிய பங்கு இறங்கினால் நம் பணத்தில் அதன் அளவு சுருங்கும், ஷார்ட் செய்த பங்கு ஏறினால் கடன் பெருகும். 2,400 டாலர் கடன் 3,600 ஆனது. கணக்கில் மிஞ்சிய என் பணம் 3,300. முழு விலைக்கு 300 குறைவு. அதிகாலை 2 மணிக்கு, குறையும் பணத்தைப் போடச் சொல்லும் மார்ஜின் கால் வந்தது. காலை 7 மணிக்கு ஷிப்ட். பக்கத்தில் மனைவியும் பிள்ளையும் தூங்குகிறார்கள், எனக்குக் கை நடுங்கியது. பாதியை, 500 பங்கை, 3.60க்கே வாங்கி மூடினேன். 600 டாலர் போனது.

மீதியை ஏன் வைத்திருந்தேன்? பணம் தீர்ந்துகொண்டிருக்கும் கம்பெனி, விலை ஏறியிருக்கும்போது புதிய பங்குகளை விற்காமல் இருக்காது, விற்றால் விலை விழும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இன்றும் சரி என்றே சொல்வேன். ஆனால் வாடகை 180 சதவீதம் ஆகிவிட்டது. ஐந்து நாள் போனது. மாமா கேட்டது ஒவ்வொரு இரவும் நினைவுக்கு வந்தது. இரவல் கொடுத்தவர் பங்கைத் திருப்பிக் கேட்டால், புரோக்கரே என் கணக்கில் கிடைத்த விலைக்கு வாங்கி மூடிவிடலாம். பிறகு ஒரு நாள், சந்தை மூடியதும், அப்போதைய விலையைவிட வெகு குறைவாகப் புதிய பங்குகளை விற்பதாகக் கம்பெனி அறிவித்தது. மறுநாள் 1.90க்கு மீதியை மூடினேன். 250 டாலர் லாபம்.

கூட்டிக் கழித்தால், வாடகை 70 டாலரையும் சேர்த்து, 420 டாலர் நஷ்டம். கம்பெனியைப் பற்றி நான் நினைத்தது நடந்தது. ஆனால் 3.60ஐத் தாங்கும் பணம் என்னிடம் இல்லை.

இப்போது அறிக்கையைத் திறக்கும் முன்பே மூன்றைப் பார்க்கிறேன்: இரவலுக்கு எத்தனை பங்கு இருக்கிறது, வாடகை எவ்வளவு, விலை இரட்டிப்பானால் என் கணக்கு நிற்குமா. போன வாரம் இன்னொரு 2 டாலர் பங்கு, இதே மாதிரி கதை. வாடகை 95 சதவீதம், இரவலுக்கு இருந்த பங்குகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பங்கைத் தொடவில்லை.