சேரம்பாடி ஜீப்பும் பெரியம்மாயியின் கடன் கணக்கும்

பெரியம்மாயியிடம் வம்சக் கதை கேட்க நீலகிரிக்குப் போய் வந்த கதை இது. முதலில் அந்த ஜீப்காரரைத் திட்டிவிட்டு அப்புறம் ஊருக்கு வருகிறேன். சேரம்பாடி பஜாரிலிருந்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும் மேடு வரைக்கும் ஐந்து கிலோமீட்டர்கூட வராது. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் கையில் பை, முகத்தில் வெளியூர்க் களை. பார்த்தவுடன் அறுநூறு என்றார். "யானை எறங்கியிருக்கு சார், திரும்பும்போது வெறும் வண்டியா வரணும்" என்று காரணம் வேறு. பந்தலூர் வட்டாரத்தில் யானை என்றால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது, உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் யானைக்கும் சேர்த்து நான் ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும்? பேசிப் பேசி நானூறுக்கு இறங்கினார். கிளம்பி முதல் வளைவு தாண்டவில்லை, வழியில் நின்ற நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு முப்பது ரூபாயை என் கண் முன்னாலேயே வாங்கிப் பையில் போட்டார். சித்தி பையன் என் தொடையைக் கிள்ளாமல் இருந்திருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்காக ஒழுங்காகவே எழுதுகிறேன். கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி. சொந்த வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போகாதீர்கள், மாவட்டத்துக்குள் தடை. ஊட்டியில் ரூம் போடாதீர்கள். சீசனில் அவர்கள் கேட்கிற வாடகைக்குக் கூடலூரில் குடும்பத்தோடு தங்கி, சாப்பிட்டு, ஊருக்கும் திரும்பிவிடலாம்.

ஊட்டியிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர். பைக்காரா, நடுவட்டம் வழி. படத்தில் பார்த்தால் சொர்க்கம். நாங்கள் ஏறிய பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. சாரல் முழுக்க என் இடது தோளில். கண்டக்டரிடம் சொன்னேன். "மழைக்காலம்ல சார்" என்றார், ஏதோ ஷட்டர் கோடைக்காலத்துக்கு மட்டும் மாட்டி வைத்தது மாதிரி. நடுவட்டம் தாண்டி இறங்குகிற கொண்டை ஊசி வளைவுகளில் முன் சீட்டுப் பாட்டி வாந்தி எடுத்தார், அந்தக் காட்சியை விவரிக்க வேண்டாம். கூடலூரில் இறங்கி ஒரு மலையாளிக் கடையில் கப்பையும் மீன்குழம்பும் சாப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது. இரண்டு பேருக்கு இருநூறுக்குள் முடிந்தது. இந்தப் பயணத்தில் வெளியில் செலவழித்த காசில் வீண் போகாதது அது ஒன்றுதான்.

தேவாலாவைத் தாண்டும்போது ஒரு சின்னத் தகவல்: 1880 வாக்கில் இங்கே தங்கம் கிடைக்கிறது என்று இங்கிலாந்தில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பணத்தைக் கொட்டினார்கள். சீக்கிரமே எல்லாம் திவால். தங்கம் போய் இப்போது தேயிலை இருக்கிறது. அந்தத் தேயிலையால்தான் எங்கள் குடும்பம் இந்த மலைக்கு வந்தது.

சரி, பெரியம்மாயி. என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, உடன்பிறந்த அக்கா. நாங்கள் அவளையும் அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம். எண்பதை நெருங்குகிறாள். டேன்டீயில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். மாமாவுக்கும் அங்கேயே வேலை என்பதால் அதே லைன் வீட்டில் இருக்கிறாள். நாங்கள் போனதே அவள் வாயால் வம்சக் கதையைக் கேட்டுப் பதிவு செய்யத்தான். சித்தி பையன் போனை ஸ்டாண்டில் மாட்டி, "அம்மாயி, ஆரம்பத்துலேர்ந்து சொல்லு" என்றான். அவள் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மொதல்ல ஜீப்புக்கு எம்புட்டுக் குடுத்தீங்க?" என்றாள். நானூறு என்றேன். அந்த ஜீப்காரரின் அப்பா, தாத்தா வரைக்கும் போய்த் திட்டினாள். என்னைவிட நன்றாகத் திட்டினாள்.

சாப்பாடு முதலில் வந்தது. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி, விரல் கனம். கல்லில் போட்டு, அப்புறம் அடுப்புத் தணலில் காட்டி, ஓரம் கருகி வரும். கூடவே காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசி எல்லாவற்றையும் அம்மியில் நசுக்கி எலுமிச்சை பிழிந்த சம்பல். மாசிக்கருவாடு மினிக்காயிலிருந்து கேரளா வழியாக வருகிறதாம், மாமா வாங்கி வைக்கிறார். சர்க்கரையைக் கையில் கொட்டிக்கொண்டு நக்கியபடி சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத டீ. திருப்பூரில் வளர்ந்த என் அம்மா இதையெல்லாம் செய்வதே இல்லை. நான் எத்தனை ரொட்டி தின்றேன் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் அத்தை, அவர் சொல்லவில்லை.

அப்புறம் கதை. ஆண்ட பரம்பரை, அந்தக் குலம் இந்தக் குலம் என்று வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மாயியின் வம்ச வரலாறு முழுக்கக் கடன் கணக்கு. யார் யாரிடம் எவ்வளவு வாங்கிக்கொண்டு எங்கே போனார்கள், அதை யார் அடைத்தார்கள், யார் அடைக்கவில்லை.

அவளுடைய அப்பா வழிப் பூட்டன் துறையூர்ப் பக்கம். பஞ்சத்தில், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கொடுத்த முன்பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு இலங்கைக்குக் கிளம்பினவர். அது தேயிலைக்கு முந்தின காபிக் காலம். ரயில் கிடையாது. தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்களாம். "நடந்தது இவங்க காலு. ஆனா வழிச்செலவுன்னு கங்காணி கணக்குல எழுதிக்கிட்டான்" என்றாள் அம்மாயி. நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

தோட்டம் மாற வேண்டுமென்றால் கங்காணியிடமிருந்து துண்டு வாங்க வேண்டும். இவன் இவ்வளவு பாக்கி, கொடுத்துவிட்டு ஆளைக் கூட்டிப்போகலாம் என்று எழுதின சீட்டு. 1921-ல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அது வரைக்கும் ஆளோடு கடனும் கைமாறும். அம்மாயியின் தாத்தா அப்படி இரண்டு தோட்டம் மாறினாராம். ஒவ்வொரு தடவையும் கடன் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவளுடைய அம்மா வழித் தாத்தா இலங்கைக்கு வந்தபோது கதை கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது. 1900-க்குப் பிறகு தகரத்துண்டு வந்தது. போக வேண்டிய தோட்டத்தின் எண்ணைக் குத்தின வட்டத் தகரத்தைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். வழிச்செலவைத் தோட்டத்திடம் வசூலித்துக்கொள்வார்கள். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாமில் அடைத்து வைத்து, பிறகு கொழும்புக்குக் கப்பல். அந்தத் தகரத்தை அம்மாயி சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். ஓரம் மழுங்கி, நடுவில் எண், மேலே கயிறு கோக்க ஓட்டை. "எங்கே அம்மாயி அது?" என்று சித்தி பையன் துள்ளினான். "எங்கண்ணன் தூண்டில்ல ஈயக்குண்டுக்குப் பதிலா கட்டி மகாவலி கங்கையில உட்டான்" என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவள் பிறந்தது 1947, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது அந்த ஊர் லைன் வீட்டில். அடுத்த வருஷமே, 1948 குடியுரிமைச் சட்டத்தில், மலையகத்துத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானவர்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிவிட்டது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகப் பிரிவினையில்கூடச் சம்பந்தப்பட்டவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். அம்மாயியின் புருஷன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவள் தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், ஒரு லயத்தில் இருந்த குடும்பம் இரண்டு நாடு.

1973, 74 பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்குகூடக் கிடைக்காமல் தவித்ததற்குப் பிறகு போனால் போதும் என்றாகிவிட்டதாம். 1976-ல் கிளம்பினார்கள். கோச்சி (அங்கே ரயிலுக்கு அதுதான் பெயர்) ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததும் பிளாட்பாரமே ஒப்பாரி வைத்தது. அம்மாயி அழவில்லை. மடியில் தம்பியிடம் கைமாற்றாக வாங்கின முப்பது ரூபாய் இருந்தது, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற யோசனையாம். தலைமன்னாரில் சுங்கக்காரர்கள் மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள், தோட்டை நிறுத்துப் பார்த்தார்கள். ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இலங்கைக் காசை மாற்றித் தருகிறேன் என்று வந்த ஒருத்தன் பாதியை அமுக்கிவிட்டான். "நம்ம ஊருன்னு வந்தோம். மொதல்ல பேசினவனே ஏமாத்தினான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீ நானூறு குடுத்தேல்ல, அந்த மாதிரி" என்றாள்.

முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். மடித்த இடம் கிழிந்து, பின்னால் பிளாஸ்திரி ஒட்டியது. நீல மையில் பெயர், உறவு, வயது. போட்டோவில் அவள் புருஷன் முறைக்கிறார், அம்மாயி மூக்குத்தியோடு கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறாள். கூட வந்த அண்ணன் வியாபாரக் கடன் வாங்கித் துறையூர்ப் பக்கம் பெட்டிக்கடை வைத்தார். கொழுந்து பறிக்கத் தெரிந்தவனுக்குப் பெட்டிக்கடை! முதல் போட்டுத் தொலைத்துவிட்டுக் கோத்தகிரிக்கு விறகு வெட்டப் போனார். என் சொந்த அம்மாயி திருப்பூருக்குப் போனாள். பெரியம்மாயி மட்டும் தெரிந்த வேலைக்கே வந்தாள். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டேன்டீ ஆனது. காட்டை வெட்டிக் கன்று வைத்ததே இவர்கள்தான். இப்போது டேன்டீ நிலத்தில் ஒரு பகுதி வனத்துறைக்கே திரும்பப் போகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு எங்கே என்ற பேச்சு லைன் முழுக்க ஓடுகிறது. எனக்கு இதைக் கேட்டபோது வந்த எரிச்சலுக்கு ஜீப் எரிச்சல் ஒன்றுமே இல்லை.

அந்த முப்பது ரூபாய்? இன்னும் கொடுக்கவில்லை. தம்பி தலவாக்கலையில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். தலைமன்னார் வரைக்கும் 2015-ல் திரும்பத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், இந்தப் பக்கம் ராமேஸ்வரத்திலிருந்துதான் கப்பல் இல்லை என்று சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பல் விட்டதையும் சொன்னேன். அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கப்பல் டிக்கெட்டு என் கணக்கு. பாஸ்போர்ட்டு உன் கணக்கு."

பாஸ்போர்ட் என்றால் பிறந்த தேதி வேண்டும். குடும்ப அட்டையில் ஒரு வயது, ஆதாரில் வேறு வயது. எது சரி என்று கேட்டேன். "பென்சனுக்கு எது சரியோ அது" என்றாள். கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு, மூத்த குடிமக்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மிச்சமாகிற நூற்றைம்பதை இப்பவே எடு என்று கையை நீட்டினாள்.