சாவு வீட்டுக்கு முதலில் வருகிறவர்

எங்கள் புளோக்கில் நான்காவது மாடியில் இருந்த பாட்டி போன மாதம் காலமானார். வயது 91. எனக்குச் சொந்தம் கிடையாது. ஆனால் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நான் வளர்ந்த அந்த அடுக்குமாடிப் புளோக்கில் நல்லதோ கெட்டதோ அவர் இல்லாமல் நடந்ததில்லை, அதிலும் கெட்டது என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவார். எந்தச் சங்கத்திலும் அவர் பொறுப்பில் இருந்ததில்லை, தேசிய தின விருதுப் பட்டியலில் பெயர் வந்ததில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

அவருடைய அப்பா பக்கத்திலுள்ள செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். 1938இல் அந்தத் தளம் திறக்கப்பட்டபோது பாட்டி சின்னக் குழந்தை, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றே வளர்ந்தவர். கல்யாணமாகிப் போனதும் அதே வட்டாரத்தில்தான், சோங் பாங் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள், அந்த வருடக் கடைசியில் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. குடியுரிமை இல்லாத எத்தனையோ பேர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அப்படிப் போன குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களை வீடுவீடாகக் கொண்டுபோய் விற்று, காசை ஒரு வெள்ளி குறையாமல் கொடுத்து, ரஜுலா கப்பலில் ஏற்றிவிட்டு வந்தவர் பாட்டி. ஏற்றிவிட்ட பிறகும் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து அவருக்குப் பொங்கல் வாழ்த்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவருடைய பெரிய வேலை சாவு வீட்டில்தான். தமிழ் முரசு வந்ததும் முதலில் பார்ப்பது மரண அறிவிப்பு. நம் புளோக்கில் யாராவது போய்விட்டால், வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே பாட்டி ஒரு தாளை எடுத்து மகனிடமோ மருமகனிடமோ சொல்லிச் சொல்லி எழுத வைப்பார்: டாக்டர் சான்றிதழ், புளோக்கின் கீழ்த்தளத்தில் சடங்குக்கு இடம் எடுக்க டவுன் கவுன்சில் அனுமதி, மண்டாயில் தகனத்துக்கு நேரம், ஜோகூரில் இருக்கும் தங்கச்சி பாலத்தைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும், அதுவரை யார் காத்திருப்பது. இறந்தது பெண் என்றால் குளிப்பாட்டிப் புடவை கட்டுவதும் அவர்தான். மூன்றாவது மாடிச் சீனத்து அம்மாவின் கணவர் இறந்தபோதும் இரவெல்லாம் அந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பசார் மலாய் என்ற சந்தைப் பேச்சு மலாய் மட்டும்தான். "சூடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று அரை மணிக்கொரு தரம் கேட்டுக் கேட்டே அந்த அம்மாவைக் கொஞ்சம் கஞ்சி குடிக்க வைத்தார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம், பாட்டி போகமாட்டார். தனியாக நிற்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வங்கிக்கும், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதி அலுவலகத்துக்கும் அலைவார். தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிவைக்கும் நாமினேஷனை இறந்தவர் போடாமல் போயிருந்தால் சேமநிதிப் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், சட்டப்படி பங்கு பிரிக்கப்பட்டுத்தான் குடும்பத்துக்கு வரும். அதற்கு நாளாகும், கட்டணமும் உண்டு. இதையெல்லாம் நேரில் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும்: கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆசீர்வாதம் பண்ணும்போதே "பழைய நாமினேஷன் இனிமே செல்லாது, புதுசாப் போட்டுடுங்க" என்பார். உண்மைதான், திருமணமானால் முன்பு போட்டது ரத்தாகிவிடும். எனக்கும் சொன்னார். என் தோழிகளில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

2020இல் கொவிட் பரவலால் சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் வந்தபோது இறுதிச் சடங்கில் ஒரு நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, வீட்டை விட்டு வெளியே விடமாட்டோம் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தார்கள். அந்த ஒரு தடவைதான் பாட்டி மனம் உடைந்து பேசிக் கேட்டேன். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார், தினமும் மாலை சாவு நடந்த வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் பேசும் வரை பேச விடுவது. ஒரு மணி நேரம் கூட ஆகும். அவர் பெரும்பாலும் "ம்" மட்டும்தான் சொல்வார்.

முட்டிவலி வந்த பிறகு மகளோடு செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போய், வாளியில் தண்ணீர் பிடித்துக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கேயும் பக்கத்து வாளிக்காரரிடம் சேமநிதிப் பேச்சுத்தான்!

பாட்டியின் காரியங்களை அவருடைய மருமகள் பார்த்துக்கொண்டார், ஒரு குறையும் இல்லாமல். எல்லாம் பாட்டி சொல்லிக் கொடுத்த வரிசைப்படியே நடந்தது. ஒரே வருத்தம், கம்பத்து நாட்களில் எடுத்த அவர் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. சோங் பாங்கிலோ கேன்பரா சாலைப் பக்கமோ இருந்தவர்கள் வீட்டில் பழைய கல்யாணப் படங்களோ பங்குனி உத்திரப் படங்களோ இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். உயரமாக, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு பெண், அநேகமாகக் கையில் தேத்தண்ணித் தட்டோடு இருப்பார். கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், அவர் மகளிடம் சேர்த்துவிடுகிறேன்.