ஈறுக்குக் கீழ கரைஞ்சுபோன எலும்பு திரும்ப வளருமா?

"ஈறு இறங்கிடுச்சா, இந்த எண்ணெயைத் தடவுங்க, ஒரே மாசத்துல வளர்ந்துடும்"னு ஒரு வீடியோ எங்க குடும்ப குரூப்ல சுத்திக்கிட்டே இருக்கு. பார்க்கும்போதெல்லாம் கோவம் வருது. அதை நம்பித் தடவிட்டு உக்காந்திருக்கிற நேரத்துல உள்ள எலும்பு கரைஞ்சுகிட்டேதான் இருக்கும், பெரும்பாலும் வலிகூட இருக்காது. எங்க அம்மாவுக்குக் கரைஞ்ச எலும்பை வளர வைக்கிற ட்ரீட்மெண்ட் நடந்தப்போ டாக்டர்கிட்ட கேட்டதும் அப்புறம் நானா தேடிப் படிச்சதும் இங்க எழுதி வைக்கிறேன்.

பல்லு நேரா எலும்புல ஒட்டிக்கிட்டு இல்லைங்க. வேர் மேல சிமெண்டம்னு மெல்லிசா ஒரு பூச்சு, அதுக்கும் எலும்புக்கும் நடுவுல நார் நாரா லிகமெண்ட், அதோட அகலமே கால் மில்லிமீட்டர் பக்கம்தான். இந்த மூணையும் மேல ஈறு மூடியிருக்கு. பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருது, ஈறு வீங்கியிருக்கு, அவ்வளவுதான்னா பல்லுல கெட்டியா படிஞ்ச அழுக்கை, அதாவது காரையை எடுத்து சுத்தமா வச்சுக்கிட்டாலே சரியாயிடும். அதைத் தாண்டி லிகமெண்டும் எலும்பும் போயிடுச்சுன்னா அது தானா திரும்பி வராது.

அம்மாவுக்கு டாக்டர் மெல்லிசா ஒரு கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெதுவா விட்டுப் பார்த்தாங்க, அதுல மில்லிமீட்டருக்குக் கோடு போட்டிருக்கும். ரெண்டு, மூணுன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க கீழ் கடவாப்பல்லுக்குப் பின்னாடி போனதும் எட்டுன்னாங்க. மூணு வரைக்கும் நார்மல். எக்ஸ்ரேல அந்த வேரை ஒட்டி எலும்புக்குள்ள ஒரு குழி கறுப்பா தெரிஞ்சுது. முதல்ல நல்லா டீப் க்ளீனிங் பண்ணிட்டு, சில வாரம் கழிச்சு மறுபடி அளந்து பார்த்துட்டுத்தான் ஆபரேஷன்னே சொன்னாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தக் குழியை சுத்தம் பண்ணி மூடினா புண் ஆறிடும், ஆனா எலும்பு பெரிசா வராது. ஏன்னா ஈறோட மேல்தோல் செல்லுங்கதான் வேகமா வளரும், பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி அதுங்க முன்னாடியே இறங்கி வேரை மூடிடும், மெதுவா வர்ற லிகமெண்ட் செல்லுக்கு இடமே இருக்காது. வேர் மேல எந்த செல் முதல்ல வந்து உக்காருதோ அதுதான் என்ன வளரும்னு முடிவு பண்ணும்னு மெல்ச்சர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1976லயே எழுதியிருக்காரு. 1982ல ஸ்வீடன்ல நைமன் குழு அதை மனுஷங்ககிட்டயே காட்டினாங்க, ஒரு முன்பல்லோட வேர்ப்பக்கம் லேப்ல பயன்படுத்துற ஃபில்டர் துண்டை வச்சு ஈறு செல்லை உள்ள விடாம தடுத்தாங்க, 3 மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா புது சிமெண்டம், அதுல நாருங்க பதிஞ்சு இருந்துது! இன்னிக்கு ஈறு செல்லைத் தடுக்க வைக்கிற மெம்ப்ரேன்னு சொல்ற மெல்லிசான தடுப்புத் துண்டு எல்லாம் அந்த ஒரு துண்டுல இருந்து வந்ததுதான்.

அதுக்கப்புறம் நிறைய வந்துடுச்சு. பன்னிக்குட்டியோட வளர்ற பல்லுல இருந்து எடுக்கிற எனாமல் புரோட்டீன் ஜெல் ஒண்ணு இருக்கு, எம்டோகெயின்னு பேரு, அதுவும் ஸ்வீடன் ஆராய்ச்சிதான். ஜப்பான்ல 2016ல இதுக்குன்னே செல்லை வளரத் தூண்டுற ஒரு வளர்ச்சிக் காரணி மருந்துக்கு அனுமதி கொடுத்தாங்க. குழியை நிரப்ப வைக்கிற எலும்புப் பொடி கிராஃப்ட்ல மாட்டு எலும்புல இருந்து எடுத்ததும் உண்டு, அதனால சாப்பாடு, மதம்னு பார்க்கிறவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, தப்பே இல்ல.

அம்மாவுக்கு வச்சது எலும்புப் பொடியும், அவங்க ரத்தத்துல இருந்தே செய்யிற பிஆர்எஃப்ங்கிற ஜெல்லித் துண்டும். கையில ரத்தம் எடுத்து, எந்த மருந்தும் கலக்காத டியூப்ல ஊத்தி, உடனே மெஷின்ல சுத்த விட்டாங்க. வெளிய எடுத்தப்போ அடியில சிவப்பு, மேல தெளிஞ்ச தண்ணி, நடுவுல மஞ்சளா ஒரு ஜெல்லிக் கட்டி. அந்தக் கட்டியை எடுத்து அழுத்தினதும் துணித்துண்டு மாதிரி ஆயிடுச்சு, அதைத்தான் குழி மேல மூடி தையல் போட்டாங்க. 2001ல ஃபிரான்ஸ்ல சுக்ரூன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்த முறை, சொந்த ரத்தங்கிறதால செலவும் கம்மி.

ஆனா எல்லாருக்கும் எல்லாப் பல்லுக்கும் இது நடக்காது, இதைத்தான் யாரும் சத்தமா சொல்றதில்ல. சுத்தி எலும்புச் சுவர் இருக்கிற ஆழமான, குறுகின குழின்னா நல்ல சான்ஸ். எலும்பு மொத்தமா மட்டம் இறங்கிப் போயிருந்தா வச்சது நிக்க இடம் இல்ல. அம்மாவோட முன்பல்லு அந்த ரகம், அங்க எதுவும் வைக்கல, மூணு மாசத்துக்கு ஒருக்கா க்ளீனிங் மட்டும்தான். சிகரெட் பிடிக்கிறவங்க, சுகர் கட்டுல இல்லாதவங்களுக்கு ரிசல்ட் ரொம்பக் குறையும், சுகரைக் கொண்டு வந்துட்டு வாங்கன்னு டாக்டர் திருப்பி அனுப்பினா கோச்சுக்காதீங்க, அது உங்க நல்லதுக்குத்தான்.

அப்புறம் பொறுமை வேணும். சில வாரம் அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது, குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கணும், பல்லுல பழுப்பா கறை பிடிக்கும், பயப்படாதீங்க, க்ளீன் பண்ணா போயிடும். ஆறு மாசத்துக்கு அந்த இடத்துல அளவுக் கம்பியே விடல. அப்புறம் அளந்தப்போ எட்டு நாலாயிருந்துது, எக்ஸ்ரேல அந்தக் கறுப்பு பாதிக்கு மேல வெளுத்திருந்துது. முழுசா இல்லதான், ஆனா பிடுங்கிடலாம்னு வேற இடத்துல சொன்ன பல்லு அது.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடும்"னு இன்னும் நிறைய பேர் பயந்துக்கிட்டு போகாம இருக்காங்க. ஏற்கனவே எலும்பு போன பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடிச்சு வச்சிருக்கும், அதை எடுத்ததும் ஆட்டம் தெரியுது, அவ்வளவுதான். பணம் யோசிக்கிறவங்க பக்கத்துல இருக்கிற பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்க, ஈறுக்குன்னே பெரியோ டிபார்ட்மெண்ட் தனியா இருக்கும், பிஜி டாக்டருங்க ப்ரொஃபஸர் மேற்பார்வையில இதே ஆபரேஷனைப் பண்றாங்க. போனதும் "என் எலும்பு குழியா போயிருக்கா, மட்டமா போயிருக்கா"ன்னு எக்ஸ்ரேவைக் காட்டிக் கேளுங்க.